இரண்டு ஐரோப்பிய விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: லிஸ்பன்–ஹெல்சிங்கியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள் ஒரு தம்பி பயணத்திட்டத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "அண்ணா, மாட்ரிட்ல 9 மணிக்குக் கிளம்பி லிஸ்பனுக்கு 9.20-க்குப் போயிடுதாம். அவ்வளவு பக்கமா?" இரண்டுக்கும் இடையே சுமார் 515 கி.மீ. அதை 20 நிமிடத்தில் கடக்க மணிக்கு 1,500 கி.மீ.க்கு மேல் பறக்க வேண்டும். ஒலிகூட அவ்வளவு வேகம் போகாது. போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயின் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. உண்மையில் அது 1 மணி 20 நிமிடப் பயணம்.

ஐரோப்பியப் பயணத்திட்டம் போடுகிற வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணக்குத் தெரியாமல் தடுமாறுபவர்கள் குறைவு. வரிசையை மாற்றிச் செய்து தடுமாறுபவர்கள்தான் அதிகம். டிக்கெட்டில் இருக்கும் மணியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி நடக்கிறார்கள். கடிகாரத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் இடம், அப்புறம் தூரம், அப்புறம் பாதை, அப்புறம் நேரம்.

எடுத்துக்காட்டுக்கு லிஸ்பன்–ஹெல்சிங்கியை வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குப் போகும் பாதை. ஒருவர் செய்யக்கூடிய தவறுகள் அனைத்தும் இந்த ஒரே கணக்கில் மாட்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சைன், கொசைன் உள்ள கால்குலேட்டர் அல்லது எக்செல். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. பயணத் தேதி. விமானம் ஜெட்டா, புரொப்பெல்லரா என்ற விவரம்.

தேதி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். தூரத்துக்குத் தேவையில்லைதான். ஆனால் காற்றும் கடிகார வித்தியாசமும் தேதியைப் பொறுத்தவை. விமான வகையும் அப்படித்தான்: ஏர்பஸ் 320 போன்ற ஜெட் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும், ஏ.டி.ஆர். 72 போன்ற புரொப்பெல்லர் விமானம் 500 கி.மீ.யை ஒட்டித்தான் போகும். இதைக் கேட்காமல் போட்ட கணக்கை மறுபடி போட வேண்டி வரும்.

2. ஊரை விடுங்கள், விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

"லண்டன்" என்று எழுதிவிட்டுக் கணக்கில் இறங்காதீர்கள். ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சௌதெண்ட் என்று லண்டன் பெயரில் ஆறு இருக்கின்றன. பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே விமான நிலையம் நகரிலிருந்து 80 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்–ஹான் 120 கி.மீ. தள்ளி. ஆஸ்லோவின் டோர்ப் 110 கி.மீ. தள்ளி. பறக்கும் தூரத்தில் இது சிறிய வித்தியாசம்தான். இறங்கியபின் பேருந்தில் உட்காரும் ஒன்றரை மணி நேரம் சிறியது அல்ல.

ஒரே பெயர் கொண்ட ஊர்கள் இன்னொரு பொறி. பர்மிங்காம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. வலென்சியா ஸ்பெயினிலும் வெனிசுவேலாவிலும் இருக்கிறது. அதனால் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம். அதிலும் ஒரு வேடிக்கை: பேசல்–முலூஸ் விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருந்துகொண்டு சுவிட்சர்லாந்துக்கும் சேர்த்து வேலை செய்கிறது, அதற்கு மட்டும் மூன்று குறியீடுகள்.

நம் எடுத்துக்காட்டில் இந்தத் தலைவலி இல்லை. லிஸ்பனில் உம்பெர்ட்டு டெல்காடு, ஹெல்சிங்கியில் வான்டா.

3. ஆயங்களைத் தசமமாக்குங்கள்

தவறுகளில் பாதி இந்தப் படியில்தான் பிறக்கிறது. அதனால் மெதுவாகப் போவோம்.

விமானத்துறை ஆவணங்களில் ஆயங்கள், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும், பாகை, நிமிடம், விநாடி என்று அச்சாகும். லிஸ்பனுக்கு 38 பாகை 46 நிமிடம் 27 விநாடி வடக்கு. 9 பாகை 8 நிமிடம் 3 விநாடி மேற்கு. இதைப் பார்த்ததும் புதியவர் 38.46 என்று எழுதிவிடுவார். ஒரு பாகையில் 60 நிமிடம் இருக்கிறது, 100 அல்ல. 46-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 27-ஐ 3,600-ஆல் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். வருவது 38.7742. அவசரத்தில் எழுதிய 38.46-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தரையில் ஏறத்தாழ 35 கி.மீ.

ஹெல்சிங்கி: 60 பாகை 19 நிமிடம் 2 விநாடி வடக்கு, 24 பாகை 57 நிமிடம் 48 விநாடி கிழக்கு. தசமத்தில் 60.3172, 24.9633.

இப்போது குறி. கிரீனிச்சுக்கு மேற்கே இருந்தால் தீர்க்கரேகைக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது கைவராது, ஏனென்றால் நமக்கு எல்லாமே கிழக்கு. ஐரோப்பாவை கிரீனிச் கோடு இரண்டாகப் பிளக்கிறது. லிஸ்பன், மாட்ரிட், டப்ளின், எடின்பரோ எல்லாம் மேற்குப் பக்கம். ஹீத்ரோவும் மேற்குதான்; ஸ்டான்ஸ்டெட், சிட்டி, சௌதெண்ட் மூன்றும் கிழக்கு.

ஆக லிஸ்பன் −9.1342. கழித்தல் குறியை விட்டுவிட்டால் லிஸ்பன் சார்டினியா தீவுக்குத் தெற்கே கடலுக்குள் போய் விழும். தூரம் 2,640 கி.மீ. என்று வரும். அந்த எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து.

4. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய கோடு பெருவட்டத்தின் ஒரு துண்டு. சூத்திரம் நீளமாகத் தெரிந்தாலும் ஒரே வரிதான்: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனைப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, அதன் நேர்மாறு கொசைனை எடுங்கள். வருவது பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம்.

நம் எண்களில்: தீர்க்கரேகை வித்தியாசம் 24.9633 கழித்தல் (−9.1342), அதாவது 34.0975. முதல் பெருக்கல் 0.5441, இரண்டாவது 0.3197, கூட்டினால் 0.8638. அதன் நேர்மாறு கொசைன் 30.26 பாகை.

ஒரு பாகைக்கு 60 கடல் மைல். அப்படியென்றால் சுமார் 1,815 கடல் மைல். கிலோமீட்டரில் வேண்டுமென்றால் கோணத்தை ரேடியனாக்கி (பாகையை 180-ஆல் வகுத்து, பை-ஆல் பெருக்கினால் ரேடியன்), பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்குங்கள். வருவது சுமார் 3,365 கி.மீ.

எக்செலில் செய்பவர்களுக்கு: அதன் சைன், கொசைன் ஃபங்ஷன்கள் பாகையை ஏற்காது, ரேடியனைத்தான் கேட்கும். ஒவ்வொரு ஆயத்தையும் ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. வாயில் வந்த ஏதோ ஒரு எண் வரும். கால்குலேட்டரில் திரையின் மேல் ஓரத்தில் பாகைக் குறி இருக்கிறதா என்று ஒரு பார்வை.

பூமி சரியான உருண்டை இல்லை: நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அதனால் இந்தக் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் வரை பிசகு இருக்கலாம். நேரக் கணக்குக்கு அது பொருட்டே இல்லை. கடைசிப் படியில் ஒரே ஒரு இடத்தில் பொருட்படுத்த வேண்டி வரும்.

5. சாதாரணக் கணக்கால் ஒருமுறை சரிபாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களிடமிருந்துதான் 2,640 கி.மீ. லிஸ்பன் வருகிறது. இரண்டு நிமிட வேலை.

அட்சரேகை வித்தியாசம் 21.54. தீர்க்கரேகை வித்தியாசம் 34.10. இரண்டையும் அப்படியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 40.3 பாகை; ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று மாற்றினால் 4,485 கி.மீ. வரும். அது தவறு. வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன; 60-ஆவது அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலம் நடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். அதனால் 34.10-ஐ இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையான 49.55-இன் கொசைனால், அதாவது 0.649-ஆல், பெருக்க வேண்டும். 22.1 ஆகிவிடும். இப்போது வர்க்கமூலம் 30.9 பாகை, சுமார் 3,435 கி.மீ.

சூத்திரம் சொன்னது 3,365. இரண்டு சதவீத வித்தியாசம்தான். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் குறியிலோ பாகையிலோ தவறு இல்லை என்று நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கலாமே என்பார்கள். வழக்கமான தட்டை வரைபடத்தில் லிஸ்பனுக்கும் ஹெல்சிங்கிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது லக்சம்பர்க் மேல் போகும். உண்மையான பெருவட்டமோ பிஸ்கே விரிகுடாவைத் தாண்டி, பாரிசுக்கு வடக்கே ஏறி, பாதி வழியில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிப் போகிறது. நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை, முப்பது கி.மீ.கூட வராது. ஆனால் அந்த வரைபடத்தின் அளவுகோல் ஹெல்சிங்கியில் ஒன்று, லிஸ்பனில் இன்னொன்று. ஸ்கேலை எங்கே வைத்துக் கிலோமீட்டராக மாற்றுவீர்கள்?

6. கோட்டைப் பாதையாக மாற்றுங்கள்

விமானம் பெருவட்டத்தில் அச்சு மாறாமல் போவதில்லை. காற்றுக்கு எதிரே ஏற வேண்டும் என்பதால் சில சமயம் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் கிளம்பித் திரும்பும். இறங்கும்போது வரிசையில் காத்திருக்கும். நடுவில் ராணுவப் பகுதிகள், நெரிசல், இடிமேகம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இப்போது, குறித்த வான்தடங்களைப் பிடிக்காமல் நேராகப் பறக்கவிடும் கட்டற்ற வான்பாதை நடைமுறை இருப்பதால் நடுவழிச் சுற்று முன்போல் இல்லை. நான் 4 சதவீதம் சேர்ப்பேன்: 3,365 என்பது 3,500 ஆகும்.

இந்த 4 சதவீதம் எங்கே செல்லாது என்பது முக்கியம். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. அதே மாதக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிக்கொண்டன. பெலாரூஸை ஒன்றியத்து விமானங்கள் 2021-இலிருந்தே சுற்றிப் போகின்றன. ஹெல்சிங்கியிலிருந்து இஸ்தான்புல்லுக்குக் கோடு போட்டுப் பாருங்கள்: நேராக பெலாரூஸ், உக்ரைன் மேல்தான் விழும். இப்போது போலந்து, ருமேனியா பக்கமாக மேற்கே வளைந்துதான் போக முடியும். இப்படிப்பட்ட பாதைக்குச் சதவீதம் போட்டால் சரிவராது. வளைவில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்காம் படியைச் செய்து கூட்டுங்கள்.

7. பறக்கும் நேரம்

3,500-ஐ 830-ஆல் வகுத்தால் 4.22. அதைப் பார்த்து "4 மணி 22 நிமிடம்" என்று எழுதாதவர் மிகக் குறைவு. 0.22 மணி என்பது 13 நிமிடம். ஆக 4 மணி 13 நிமிடம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 830 வேகம் கிடைக்காது. அதற்கு 15 நிமிடம் சேர்த்தால் காற்றில் இருக்கும் நேரம் 4 மணி 28 நிமிடம்.

ஆனால் டிக்கெட்டில் இருப்பது காற்றில் இருக்கும் நேரம் அல்ல. விமானம் கேட்டிலிருந்து நகரும் நொடி முதல், இறங்குமிடத்தில் கேட்டில் நிற்கும் நொடி வரையிலான பிளாக் டைம். இரண்டு பக்கமும் தரையில் ஊர்வதற்குச் சேர்த்து 20 நிமிடம் வைக்கிறேன்: 4 மணி 48 நிமிடம். ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கினால் ஊர்வதற்கே கால் மணி நேரம் போகும், அங்கே இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மனக்கணக்குக்குச் சுருக்குவழி: நான்காம் படியின் பெருவட்டத் தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்ப்பது. இங்கே 4 மணி 42 நிமிடம் வரும், மோசமில்லை. மிகக் குறுகிய தூரத்தில் இது கவிழும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே விமானம் 2.7 கி.மீ. பறக்கிறது, இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். சுருக்குவழியோ அரை மணி நேரம் என்று சொல்லும்.

8. காற்றைச் சேருங்கள்

ஐரோப்பாவின் மேல் விமானங்கள் பறக்கும் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று அடிக்கிறது. குளிர்காலத்தில் வேகம் அதிகம். லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்குப் போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

சராசரியாக மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போகும்போது தரைவேகம் 880, வரும்போது 780. அதே 3,500 கி.மீ.க்கு போக 3 மணி 59 நிமிடம், வர 4 மணி 29 நிமிடம். ஒரே தூரம், அரை மணி நேர வித்தியாசம். போக, வர இரண்டுக்கும் ஒரே நேரத்தை எழுதும் திட்டத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வடக்கு–தெற்குப் பாதைகளில் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும்.

9. இப்போது கடிகாரத்தைத் தொடலாம்

எல்லா நேரத்தையும் முதலில் யூ.டி.சி.க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுங்கள். கழிப்பது அதற்குப் பிறகு. ஊர் நேரங்களை நேராகக் கழிக்கவே கூடாது.

லிஸ்பன் குளிர்காலத்தில் யூ.டி.சி.யோடு ஒன்றாக ஓடும், ஹெல்சிங்கி 2 மணி நேரம் முன்னால். ஒரு மாதிரி டிக்கெட்: லிஸ்பனில் 10.00-க்குக் கிளம்பி ஹெல்சிங்கிக்கு 16.35. யூ.டி.சி.யில் 10.00 முதல் 14.35 வரை, 4 மணி 35 நிமிடம். திரும்பும்போது 17.30-க்குக் கிளம்பி 20.35-க்கு வருகை. பார்வைக்கு 3 மணி 5 நிமிடம், யூ.டி.சி.யில் 15.30 முதல் 20.35 வரை, 5 மணி 5 நிமிடம். எட்டாம் படியின் நேரங்களோடு ஏறி இறங்குவதற்கான 15 நிமிடத்தையும் தரையில் ஊர்வதற்கான 20 நிமிடத்தையும் சேர்த்துப் பாருங்கள், நம் கணக்கோடு பொருந்துகிறது.

கோடைக்காலத்தில்? ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் மார்ச் கடைசி ஞாயிறு அன்று ஒரே கணத்தில் முன்னே நகர்ந்து, அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று ஒரே கணத்தில் பின்னே வருகின்றன. பிரிட்டனும் அப்படியே. ஆகவே லிஸ்பன்–ஹெல்சிங்கி வித்தியாசம் ஆண்டு முழுக்க 2 மணி நேரம்தான்.

மாட்டிவிடுபவை ஐஸ்லாந்தும் துருக்கியும். இரண்டும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஐஸ்லாந்து எப்போதும் யூ.டி.சி., துருக்கி 2016-இலிருந்து எப்போதும் 3 மணி நேரம் முன்னால். ஹெல்சிங்கி–இஸ்தான்புல் வித்தியாசம் குளிர்காலத்தில் 1 மணி நேரம், கோடையில் பூஜ்யம். போன ஜனவரியில் செய்த கணக்கை ஜூலைக்கு நகலெடுத்து ஒட்டினால் ஒரு மணி நேரம் பிசகும். முதல் படியில் தேதி கேட்டது இதற்காகத்தான்.

10. தூரத்தையும் நேரத்தையும் சட்டம் அளக்கும் விதம்

விமானம் தாமதமாகிப் பயணி இழப்பீடு கேட்கும்போதும் இந்தக் கணக்கு தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிமுறை தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்கச் சொல்கிறது. அதன்படி 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோ. நம் ஆறாம் படியின் 3,500 இங்கே செல்லாது, நான்காம் படியின் 3,365-தான் எண். தூரம் 1,500-ஐ ஒட்டி வந்தால் மட்டும் உருண்டைக் கணக்கை நம்பாமல், பூமியைத் துருவத்தில் சற்றுத் தட்டையானதாகக் கொள்ளும் நீள்கோளக் கணக்கில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நடுவில் விமானம் மாறினால் துண்டுகளைக் கூட்டாதீர்கள். ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன ஒரு வழக்கில் துண்டுகளைக் கூட்டினால் 1,656 கி.மீ., நேராக அளந்தால் 1,326. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-இல் நேர்த் தூரம்தான் கணக்கு என்று முடித்தது. அந்தப் பயணிகளுக்கு 250 யூரோ வரம்புதான் பொருந்தியது.

வந்து சேர்ந்த நேரம் எது என்பதிலும் ஒரு தீர்ப்பு உண்டு. சால்ஸ்பர்க்–கொலோன் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து வந்தபோது 3 மணி 3 நிமிடம். இழப்பீட்டுக்கான எல்லை 3 மணி நேரம். 2014-இல் நீதிமன்றம், விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க முடிகிற நேரமே வருகை நேரம் என்றது. அதனால் தாமதமாகும் விமானத்தில் இருக்கும் பயணியிடம் நான் சொல்லிவைப்பது ஒன்றுதான்: சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை விடுங்கள், கதவு திறக்கும்போது போனில் மணியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.